கொக்கைத் தொடலாம், துப்பாக்கியைத் தொடக்கூடாது

எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு துப்பாக்கிதான் இருந்தது. பண்ணையார் வீட்டுக் கூடத்துச் சுவரில், செத்துப்போன பெரிய பண்ணையின் படத்துக்குக் கீழே அது மாட்டியிருக்கும் என்று அப்பாயி சொல்லும். கொல்லைப்புறத்தில் சாணி அள்ளப் போனவர்களுக்குக் கூடம் ஏது? தாத்தா சொல்லித்தான் அப்பாயிக்குத் தெரியும். தாத்தாவும் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்தவரல்ல. வாசலில் நின்று பார்த்தது.

அறுவடை முடிந்து, தண்ணீர் நிற்கிற தாழ்ந்த வயல்களில் கொக்கும் நாரையும் மடையானும் வந்து இறங்கும் காலத்தில் பண்ணையார் சுடப் போவார். தாத்தா கூடப் போவார். சுட்டு விழுந்த கொக்கை இடுப்பளவு சேற்றில் இறங்கி எடுத்துவர வேண்டும். அதுதான் தாத்தாவின் வேலை. வெள்ளைக்காரன் அந்த வேலைக்கு நாய் வளர்த்தான். எங்கள் பண்ணையார் நாய் வளர்க்கவில்லை. பண்ணையாள் வைத்திருந்தார்.

ஒருநாள் வரப்பு வழுக்கிப் பண்ணையார் விழப்போக, துப்பாக்கி சேற்றில் விழுந்துவிடாமல் தாத்தா பாய்ந்து பிடித்திருக்கிறார். அன்று பொழுது சாய்வதற்குள் தாத்தாவைக் களத்துமேட்டுப் புளியமரத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். துப்பாக்கிக்கு மஞ்சள்தண்ணி தெளித்து உள்ளே எடுத்துப் போனார்களாம். அப்பாயி இதைச் சொல்லும்போது அழுவதில்லை. சிரிக்கும். "கொக்கத் தொடலாமாம், துப்பாக்கியத் தொடக்கூடாதாம். என்னா நாயம்டா இது?"

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். புறநானூற்றில் வேலும் வாளும் வருகிற பாட்டுக்களுக்கு உரை சொல்லிப் பரிட்சை எழுதி மார்க்கு வாங்கியவன். வீரம் என்பது நம் பண்பாடு என்று வகுப்பில் சொன்னார்கள். அந்த 'நம்' என்கிற சொல்லுக்குள் என் தாத்தா இருந்தாரா என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. ஆனால் கேட்பதற்கு நான் கொஞ்சம் தூரம் சுற்றிப் போக வேண்டியிருந்தது. அமெரிக்கா வரைக்கும்.

*

2019 அக்டோபரில், சாதியையும் நிறவெறியையும் பற்றிய ஒரு கருத்தரங்குக்காக நான் வாஷிங்டன் போயிருந்தேன். அங்கே பழக்கமான ஒரு கறுப்பினப் பெரியவர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், "சகோதரா, நீ கட்டாயம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி பார்க்கணும்" என்று சொல்லித் தன் காரிலேயே அழைத்துப் போனார். என் இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் போகும். கூட வந்த தோழர் ஒருவர் இடையிடையே கைகொடுத்தார்.

பெரியவரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. ஷார்ப்ஸ் என்று பேர். 1859-ஆம் ஆண்டு மாதிரியைப் பார்த்து, இத்தாலியில் பெடர்சோலி என்கிற கம்பெனி இந்தக் காலத்தில் செய்து விற்கிற நகல். குழல் மட்டும் 30 அங்குலம். தூக்கினால் நாலு கிலோ இருக்கும். வால்நட் மரக்கட்டை, நிறம் ஏற்றிய இரும்பு, பித்தளை எட்டிப் பார்க்கிற ஓரம். பழைய அசல் துப்பாக்கி என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். நகல் என்பதால் சுடலாம்.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-இல் கொண்டுவந்த கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டம், 1898 வரை செய்யப்பட்ட பழங்காலத் துப்பாக்கிகளையும், இக்காலத் தோட்டா போடாத அவற்றின் நகல்களையும் 'துப்பாக்கி' என்றே கணக்கில் எடுப்பதில்லை. மாநிலங்களின் சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஆனால் கூட்டரசின் கண்ணுக்கு இது வெறும் பழம்பொருள்தான். பல மாநிலங்களில் காசு கட்டித் தபாலிலேயே வரவழைக்கலாம்.

"சட்டம் இதைத் துப்பாக்கியே இல்லைங்குது. இதே சட்டம் ஒரு காலத்துல எங்களை மனுஷனே இல்லைன்னுச்சு" என்றார் பெரியவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பாயி சிரிக்கிற அதே சிரிப்பு.

*

இந்தத் துப்பாக்கியின் கதையைச் சொல்ல வேண்டும்.

கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1810-இல் நியூ ஜெர்சியில் பிறந்த வெள்ளையர். வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் இருந்த அரசு ஆயுதச்சாலையில், ஜான் ஹால் என்பவரின் துப்பாக்கிப் பட்டறையில் தொழில் பழகியவர். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் வாய்வழியாக மருந்தைக் கொட்டிக் குண்டைப் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இடிப்பார்கள். நிற்கிறவன் எதிரிக்குக் குறி. ஹாலின் பட்டறையில் பின்பக்கமாக மருந்திடும் துப்பாக்கியைச் செய்தார்கள். அங்கே கற்றதை மேலே கொண்டுபோய் ஷார்ப்ஸ் 1848-இல் தன் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். படுத்துக்கொண்டே மருந்திடலாம். ஒருவன் ஒரு தரம் சுடுகிற நேரத்தில் இவன் மூன்று தரம் சுடலாம்.

1854-இல் கான்சஸ் - நெப்ராஸ்கா சட்டம் வந்தது. கான்சஸில் அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். அடிமைமுறையை ஆதரித்தவர்கள் மிசூரியிலிருந்து ஆயுதத்தோடு எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டார்கள். எதிர்த்தவர்களுக்கு வடக்கிலிருந்து ஆயுதம் போயிற்று. அதில் முக்கியமானது இந்த ஷார்ப்ஸ். ஹென்றி வார்டு பீச்சர் என்கிற பாதிரியார், அடிமை உடைமையாளர்களிடம் வேதாகமத்தைவிட இந்தத் துப்பாக்கிதான் நன்றாக நியாயம் பேசும் என்கிற பொருளில் 1856-இல் பேசினார். தன் சபையாரிடம் காசு திரட்டித் துப்பாக்கி வாங்கவும் வைத்தார். ஷார்ப்ஸுக்குப் 'பீச்சரின் பைபிள்' என்றே பேர் வந்துவிட்டது.

அப்படிக் கான்சஸுக்காக வாங்கப்பட்ட சுமார் 200 குட்டைக்குழல் ஷார்ப்ஸ்கள்தான் கடைசியில் ஜான் பிரவுன் கைக்கு வந்தன. 1859 அக்டோபர் 16 இரவு அவர் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையைப் பிடித்தார். அவரோடு சேர்ந்தவர்கள் 21 பேர். அதில் ஐந்து பேர் கறுப்பர்கள்.

ஜான் பிரவுனைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு, பாட்டு உண்டு, சிலை உண்டு. அந்த ஐந்து பேரை எத்தனை பேருக்குத் தெரியும்? டேஞ்சர்ஃபீல்ட் நியூபி. லூயிஸ் ஷெரிடன் லியரி. ஜான் அந்தோணி கோப்லண்ட். ஷீல்ட்ஸ் கிரீன். ஆஸ்போர்ன் பெரி ஆண்டர்சன். பெரியவர் இந்தப் பெயர்களை, நம் வீட்டுக் கிழவிகள் குலசாமி பேர் சொல்வதுபோல, ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னார்.

நியூபி விடுதலை பெற்றவர். அவர் மனைவி ஹாரியட்டும் பிள்ளைகளும் வர்ஜீனியாவில் அடிமைகள். விலை கொடுத்து மீட்கப் பணம் சேர்த்துப் பார்த்தார்; முடியவில்லை. சீக்கிரம் வந்து என்னை வாங்கிக்கொள், எஜமானுக்குப் பணமுடை, வேறு யாருக்காவது விற்றுவிடுவார் என்று ஹாரியட் எழுதிய கடிதங்கள் அவரிடம் இருந்தன. பிரவுனின் ஆட்களில் முதலில் செத்தவர் நியூபிதான். அவர் உடம்பைச் சிதைத்தார்கள். ஹாரியட்டைத் தெற்கே லூசியானாவுக்கு விற்றார்கள்.

லியரியும் கோப்லண்டும் ஒரு வெள்ளைத் தோழரோடு ஷெனண்டோவா ஆற்றோரம் இருந்த ஹாலின் துப்பாக்கிப் பட்டறையைப் பிடித்துக் காவல் நின்றார்கள். எந்த இடத்தில் கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் தொழில் பழகினாரோ அந்த இடம். லியரி குண்டடிபட்டுச் செத்தார். கோப்லண்டை ஆற்றில் பிடித்து, டிசம்பர் 16 அன்று தூக்கில் போட்டார்கள். பிரவுனைத் தூக்கில் போட்டது அதற்கு இரண்டு வாரம் முன்பு, டிசம்பர் 2. லியரியின் மனைவி பின்னாளில் வேறொருவரை மணந்தார். அந்த அம்மாளின் பேரன்தான் நம்மில் பலர் தமிழில் படித்திருக்கிற கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். ஆண்டர்சன் தப்பித்து, 1861-இல் நடந்ததை எல்லாம் தானே எழுதிப் புத்தகமாக்கினார். எழுதாமல் போயிருந்தால் அவரும் இல்லாமலே போயிருப்பார். நாம் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் ஆண்டர்சன்தான்.

சரி, அந்த 200 துப்பாக்கிகள்? அவற்றை ஏந்த வேண்டிய அடிமைகள் பெருந்திரளாக வந்து சேர நேரமும் இல்லை, வழியும் இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தவற்றைப் பெட்டியோடு படையினர் கைப்பற்றினார்கள். யாருக்காக வந்ததோ அவர்கள் கை படாமலே போனது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றிரவு பிரவுனின் ஆட்கள் கையால் முதலில் செத்தவர் ஒரு கறுப்பர். ஹேவர்ட் ஷெப்பர்ட், ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர், அடிமையல்லாத சுதந்திர மனிதர். இருட்டில் சுட்டுவிட்டார்கள். 1931-இல் அடிமை மாநிலங்களின் புகழ்பாடுகிற அமைப்புகள் ஷெப்பர்டுக்கு அங்கே ஒரு நினைவுக்கல் நாட்டின. எதற்கு? 'விசுவாசமான நீக்ரோ'வுக்கு உதாரணம் காட்ட. மறுவருஷம் டூபாய்ஸ் வாசகம் எழுதிக் கொண்டுவந்த எதிர்க்கல்லை அங்கே வைக்க விடவில்லை. 2006-இல்தான் அது நட்டுவைக்கப்பட்டது. செத்தவனுக்குக்கூட நமக்கு அடையாளம் கொடுக்கிறவர்கள் அவர்கள்தான். விசுவாசி, அல்லது கலகக்காரன். மூட்டை தூக்கிப் பிள்ளைகுட்டியைக் காப்பாற்றிய ஒரு மனிதன் என்று எழுதுவதற்குக் கல் கிடையாது.

*

மறுநாள் பெரியவர் என்னைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். சட்டம் இதைத் துப்பாக்கியாக எண்ணாததால், வெளிநாட்டானான நானும் சுட்டுப் பார்க்கலாம் என்றார்.

முந்தின ராத்திரியே தோட்டா சுருட்டினோம். வெடியுப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்த மெல்லிய காகிதத்தை ஒரு மரக்குச்சியில் சுற்றிக் குழாயாக்க வேண்டும். பீடி சுற்றுவதுபோலத்தான். எங்கள் தெருப் பெண்கள் பார்த்திருந்தால் என்னைக் கேலி செய்து ஓட்டியிருப்பார்கள். குழாய்க்குள் 60 கிரெயின் கருமருந்து, அதாவது நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. முனையில் கட்டைவிரல் பருமனுக்கு ஈயக்குண்டு. குண்டின் வரிப்பள்ளங்களில் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலந்து பூச வேண்டும். பூசாவிட்டால் கரி குழலுக்குள் இறுகிக்கொள்ளும்.

மாட்டுக்கொழுப்பு என்றதும் எனக்கு 1857 நினைவுக்கு வந்தது. பெரியவருக்கு அந்தக் கதையைச் சொன்னேன். இந்தியச் சிப்பாய்களுக்கு வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அதில் மாட்டுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கிறது என்று பேச்சு கிளம்பிற்று. பேச்சு எங்கே கிளம்பியது? 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்குப் பக்கத்துத் தம்தம் ஆயுதச்சாலையிலிருந்து ஒரு வெள்ளை அதிகாரி அனுப்பிய அறிக்கையில் இருக்கிறது. தாழ்ந்த சாதித் தொழிலாளி ஒருவன் பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர்ச் செம்பைக் கேட்டான். தீட்டாகிவிடும் என்று சிப்பாய் தரவில்லை. 'சாதி சாதிங்கிறியே, நாளைக்கு மாட்டுக்கொழுப்பைக் கடிக்கப்போறே, அப்போ எங்கே போகும் உன் சாதி?' என்கிற கருத்தில் இவன் திருப்பிக் கொடுத்தான். தேசமே முதல் சுதந்திரப் போர் என்று கொண்டாடுகிற கலகத்தின் வாசலில், தாகத்தோடு ஒருத்தன் நிற்கிறான். அந்த அறிக்கை அவன் தொழிலைச் சொல்கிறது, சாதியைச் சொல்கிறது. பேர் சொல்லவில்லை.

ஷார்ப்ஸில் பல்லுக்கு வேலை இல்லை. விசைக்காப்பாக வளைந்திருக்கிற இரும்பே நெம்புகோல். அதைக் கீழே இழுத்தால் குழலின் பின்வாயை மூடியிருக்கிற கட்டை சறுக்கி இறங்கும். தோட்டாவை உள்ளே தள்ளி நெம்புகோலை மேலே ஏற்றினால், கட்டையின் கூரான விளிம்பு காகிதத்தின் வாலை நறுக்கிவிடும். மருந்து வெளியே தெரியும். பிறகு காம்பின் மேல் ஒரு செப்புக் கேப்பு. தீபாவளிப் பொட்டுவெடி மாதிரிதான், அடித்தால் பொறி பறக்கும். சுத்தியலைப் பின்னுக்கு இழு. குறி பார். விசையை அழுத்து.

"இடதுகையை நல்லா முன்னால தள்ளிப் பிடி" என்றார் பெரியவர். இந்தத் துப்பாக்கியின் பழைய நோய் அது. கட்டைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள மயிரிழை இடைவெளியில் சூடான புகை சீறும். ஷார்ப்ஸ் கம்பெனியே வளையமும் தகடும் வைத்து வைத்துப் பார்த்தது. முழுசாகத் தீரவில்லை.

அழுத்தினேன். வெடி என்று சொல்வதைவிட இடி என்று சொல்லலாம். தோளில் ஒரு தள்ளு. கண் முன்னால் வெள்ளைப் புகை. கந்தக நாற்றம். குறி தெரியவில்லை, பெரியவர் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. என் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. புளியமரம் தெரிந்தது.

ஆறேழு தரம் சுட்டதும் கரி ஏறி நெம்புகோல் இறுகிவிட்டது. புகை விலகும் வரை காத்திருந்தபோது பெரியவர் கேட்டார்: "இந்தப் புகைக்கும் உன் நாட்டுக்கும் சம்பந்தம் உண்டு, தெரியுமா?"

கருமருந்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கு வெடியுப்பு போனது முக்கியமாகப் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும். மாட்டுத் தொழுவத்து மண்ணையும் இடிந்த சுவரடி மண்ணையும் சுரண்டி, நீரில் கரைத்து, காய்ச்சி, உப்பெடுத்தவர்கள் நூனியா என்கிற ஒடுக்கப்பட்ட சாதியார். 1861-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடக்கு அரசுக்கு மருந்து தட்டுப்பட்டது. லாமோ டூபான்ட் என்கிற மருந்துத் தொழிலதிபரை ரகசியமாக இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்கே இருந்த இந்திய வெடியுப்பை வாங்கினார்கள். அந்த நேரத்தில் இரண்டு நாட்டுக்கும் தகராறு முற்றி, பிரிட்டன் ஏற்றுமதியைத் தடுத்தது. தகராறு தீர்ந்த பிறகு, 1862-இல்தான் சரக்கு விட்டது. அடிமைமுறையை முறித்த போரின் புகையில், பேர் தெரியாத நூனியாக்களின் வியர்வையும் இருந்தது. இதை எந்த வெற்றித்தூணில் எழுதியிருக்கிறார்கள்?

*

மைதானத்து மரப்பலகையில் உட்கார்ந்து பெரியவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். நான் பிறகு படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்திருக்கிறேன்.

1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பர்கள் குடிமக்கள் ஆக முடியாது என்றது. தலைமை நீதிபதி டேனி அதற்குச் சொன்ன காரணங்களைக் கவனிக்க வேண்டும். இவர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் இஷ்டம்போல ஊர் ஊராகப் போவார்கள், பொது விஷயங்களைக் கூட்டம் போட்டுப் பேசுவார்கள், போகிற இடமெல்லாம் ஆயுதம் வைத்திருப்பார்கள் என்று பட்டியல் போட்டார். அதாவது நடப்பது, பேசுவது, ஆயுதம் தொடுவது. இந்த மூன்றையும்தான் நம் ஊர்களில் சட்டப் புத்தகம் இல்லாமலே தடுத்து வைத்திருந்தார்கள்.

உள்நாட்டுப் போரில் வடக்கு அரசு 80,000-க்கும் மேற்பட்ட குட்டை ஷார்ப்ஸ்களை வாங்கியது. ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் அதன் ராணுவத்தில் சேர்ந்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் கைக்கு வந்தது ஷார்ப்ஸ் அல்ல, வாய்வழி மருந்திடும் துப்பாக்கிதான். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்தம். சம்பளமே வேண்டாம் என்று சில படைப்பிரிவுகள் மறுத்துப் போராடிய பிறகு, 1864-இல் சமச் சம்பளம் வந்தது. துப்பாக்கி கொடுத்தவனும் முதலில் சமத்துவம் கொடுக்கவில்லை. அதைத் தனியாகப் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது.

போர் 1865-இல் முடிந்தது. அதே வருஷம் மிசிசிப்பி மாநிலம் ஒரு சட்டம் போட்டது: ராணுவத்தில் இல்லாத கறுப்பன் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. உரிமம் கொடுக்கிறவர்கள் யார்? நேற்றைய எஜமானர்கள்தான்.

ஷார்ப்ஸ் என்ன ஆயிற்று? அதை உலோகத் தோட்டாவுக்கு மாற்றினார்கள். 1870-களில் எருமை வேட்டைக்காரர்கள் அதைத்தான் விரும்பி வாங்கினார்கள். சமவெளியில் கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளைத் தோலுக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். அந்த எருமையையே நம்பி வாழ்ந்த செவ்விந்திய மக்களின் சோற்றில் மண் விழுந்தது. 1880-களின் கடைசியில் சில நூறு எருமைகளே மிச்சம். விடுதலைக்கு வாங்கிய துப்பாக்கியின் தம்பிதான் இன்னொரு மக்களைப் பட்டினி போட்டது. ஆகவே தோழர்களே, துப்பாக்கிக்கு என்று ஒரு அறம் கிடையாது. பீச்சர் பாதிரியார் பைபிளுக்கு நிகராக அதை நிறுத்தினார். நாம் நிறுத்த வேண்டாம்.

"அப்புறம் ஏன் இதை வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"என் பாட்டனுக்குப் பாட்டன் இதைத் தொட்டிருந்தால் கொன்றிருப்பாங்க. நான் வருஷத்துக்கு நாலு தரம் எடுத்து, சுட்டு, கழுவி, எண்ணெய் போட்டு வைக்கிறேன். யாரையும் சுட இல்லை. தொட."

*

அடிமை ஒழிப்புச் செய்தி நம் நாட்டுக்கும் வந்தது. 1873-இல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழிக்கத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார். நம் நாட்டவரும் அவர்களைப் பார்த்துச் சூத்திரர்களை விடுவிக்கட்டும் என்கிற எதிர்பார்ப்போடு. 1936-இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' எழுதினார். உலகத்தில் மற்ற நாடுகளில் சமூகப் புரட்சி நடந்ததே, இந்தியாவில் ஏன் நடக்கவில்லை என்று அதில் கேட்டார். நால்வருணம் அடித்தட்டு மக்களுக்கு ஆயுதத்தை மறுத்தது, கல்வியை மறுத்தது, ஆகவே கலகம் செய்ய வழியில்லாமல் அவர்கள் முடக்கப்பட்டார்கள் என்பது அவர் சொன்ன விடை. அதே அம்பேத்கர்தான் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், ரத்தம் சிந்தும் புரட்சி வழிகளைக் கைவிட வேண்டும் என்றும், அரசியல் சட்ட வழிகளைப் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டுக்கும் முரண் இல்லை. ஆயுதம் மறுக்கப்பட்டதைக் குற்றம் என்று சொல்வது வேறு, ஆயுதமே வழி என்று சொல்வது வேறு. முதலாவதைச் சொன்னாலே இரண்டாவதைச் சொன்னதாகப் பழி போடுவது ஆதிக்க சாதிகளின் பழைய தந்திரம்.

அந்த அரசியல் சட்ட வழியில் வந்ததுதான் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதன் 1995-ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாவது விதியை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வன்கொடுமை நடக்கக்கூடும் என்று கண்டறிந்த பகுதியில், தேவைப்பட்டால், தலித்தும் பழங்குடியும் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை அரசு ரத்து செய்து ஆயுதங்களை வாங்கி வைக்க வேண்டும். உயிரையும் உடைமையையும் காக்கத் தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் உரிமம் வழங்க வேண்டும். இரண்டுமே அந்த விதியில் இருக்கின்றன.

2014-இல் எங்கள் தெருவில் குடிசைகளைக் கொளுத்திய பிறகு, இந்த விதியைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நாங்கள் நாலு பேர் ஓர் அதிகாரியிடம் போனோம். எங்களுக்குத் துப்பாக்கி கேட்டுப் போகவில்லை. ஊருக்குள் இருக்கிற துப்பாக்கிகளை வாங்கி வையுங்கள் என்றுதான் கேட்டோம். மனுவின் கடைசியில் விதி முழுவதையும் எழுதியிருந்தோம். அவர் அந்தக் கடைசி வரியை மட்டும் விரலால் தட்டினார். "உங்களுக்கு எதுக்குய்யா துப்பாக்கி? கொக்கு சுடவா?"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மனு மேசையிலேயே கிடந்தது. வெளியே வந்து டீ குடித்தோம். யாரும் பேசவில்லை. அந்த ஆளுக்கு என் தாத்தாவைத் தெரியாது. ஆனாலும் கொக்கு என்கிற சொல் எப்படி அவர் வாயில் வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

*

மைதானத்தில் சுட்டு முடிந்ததும் பெரியவர் வெந்நீரும் சோப்பும் எடுத்தார். கருமருந்தின் கரியை அன்றைக்கே கழுவாவிட்டால் இரும்பைத் தின்றுவிடும். நான்தான் கழுவுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கட்டையைக் கழற்றி, குழலுக்குள் துணி விட்டு இழுக்க இழுக்கக் கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கை முழுக்கச் சேறு மாதிரி அப்பிக்கொண்டது. யாரும் என்னை அடிக்க வரவில்லை.

ஊருக்கு வந்து அப்பாயியிடம் சொன்னேன். அதற்கு அப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. காது சரியாகக் கேட்காது. துப்பாக்கி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"தொட்டியா?"

"தொட்டேன் அப்பாயி. சுட்டேன்."

"எதச் சுட்ட?"

"காகிதத்தத்தான். தூரத்துல ஒட்டி வச்சிருப்பாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. வெற்றிலையை மென்றுகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டது.

"யாருடா போயி எடுத்தா?"

"அங்க யாரு சுட்டாலும் அவங்கவங்கதான் நடந்து போயி எடுத்துக்கணும் அப்பாயி. நானே போயித்தான் எடுத்தேன்."

"அப்புடியா" என்றது அப்பாயி. "அது நாயம்."